தாய்க்கோழி கிளறிக் கொடுக்காத இரை

(கோழிப் பண்ணையாளர்கள், மகளிர் குழுவினர், தொழிற்பேட்டைத் தொழிலாளர்கள் கூடியிருந்த அவையில், ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் ஒருவர் கும்மிடிப்பூண்டியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இங்கே வரும் வழியில் நெடுஞ்சாலை ஓரம் ஒரு டிபன் கடையில் டீ குடிக்க நின்றேன். கடைக்குப் பின்னால் முட்டைத் தட்டுகளை இடுப்பளவு உயரத்துக்கு அடுக்கி வைத்திருந்தார்கள். தட்டுக்கு முப்பது. ரோலிங் மில் வேலைக்குப் போகிற பையன்கள், பேச்சைக் கேட்டால் ஒடிசா, பீகார் பக்கம், ஆளுக்கு இரண்டு முட்டை சொல்லி நின்ற வாக்கிலேயே சாப்பிட்டுவிட்டு ஓடினார்கள். கறி வாங்கிச் சமைக்க அவர்களுக்கு நேரமும் இல்லை, வாடகை அறையில் அடுப்பும் இல்லை. உலையின் அனல் முன்னால் பத்து மணி நேரம் நிற்கிற உடம்புக்கு அந்த முட்டைதான் கறி, அதுதான் பால். இன்னொரு பக்கம் நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் சத்துணவுத் தட்டில் வாரத்துக்கு 5 முட்டை விழுகிறது. ஆகவே முட்டைக்குள் என்ன இருக்கிறது என்ற கேள்வி, நம்மில் எளியவர்களின் உடம்புக்குள் என்ன போகிறது என்ற கேள்வி. அதனால்தான் இதைப் பேச வந்தேன்.

நம் மாவட்டம் நாமக்கல் போல முட்டைக்குப் பேர்போன மாவட்டம் அல்ல. முட்டை உற்பத்தியில் ஆந்திரத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. அதைத் தாங்குவது பெரும்பாலும் நாமக்கல் வட்டாரம். நாம் முக்கியமாகத் தின்கிறவர்கள். ஆனாலும் இரண்டாயிரம், ஐயாயிரம் கோழி வைத்திருப்பவர்கள் இந்த அவையிலேயே சிலர் இருக்கிறீர்கள். கொல்லையில் பத்துக் கோழி வளர்க்கிற தாய்மார்கள் நிறையப் பேர். நான் சொல்லப்போவது இரண்டு தரப்புக்கும் பொருந்தும்.

முதலில் ஒரு முட்டை எப்படி உருவாகிறது என்று பார்ப்போம். கறிக்கோழிக்கும் முட்டைக்கோழிக்கும் உள்ள பெரிய வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. முட்டைக்கோழியின் வயிற்றில் மஞ்சள் கரு ஏறக்குறைய 10 நாளில் விறுவிறுவென்று பருக்கிறது. கல்லீரலில் உருவாகும் கொழுப்பும் புரதமும் ரத்தம் வழியாக வந்து அடுக்கடுக்காக அதில் படிகின்றன. கரு முற்றிச் சினைப்பையிலிருந்து விடுபட்ட பிறகு, சுமார் 3 மணி நேரத்தில் வெள்ளைக் கரு சுற்றிக்கொள்கிறது. அதற்குப் பிறகு கிட்டத்தட்ட 20 மணி நேரம் ஓடு கட்டுவதற்கே போகிறது. அந்த ஓட்டுக்கு மட்டும் கோழி 2 கிராம் சுண்ணாம்புச்சத்தைக் கொடுக்கிறது. ஒரு நாளைக்கு மேல் ஒரு மணி நேரம் ஆகும் முழு முட்டை வெளியே வர. எந்த நேரத்தில் ஒரு கோழியை அறுத்துப் பார்த்தாலும் உள்ளே சிறிதும் பெரிதுமாக மஞ்சள் கருக்கள் கோலிக்குண்டு கோத்ததுபோல் வரிசையாக இருக்கும். இன்று முற்றியது, நாளைக்கு உரியது, அதற்கு மறுநாளுக்கு உரியது என்று.

இன்றைக்கு அந்தக் கோழிக்குத் தண்ணீரில் ஒரு ஆன்டிபயாட்டிக் கலந்து கொடுக்கிறோம் என்று வையுங்கள். மருந்து ரத்தத்தில் ஏறுகிறது. அந்த வரிசையில் உள்ள அத்தனை கருக்களும் அதே ரத்தத்தில்தான் வளர்கின்றன. எனவே இன்றைய முட்டையில் மட்டுமல்ல, வரும் வாரத்தின் முட்டைகளிலும் மருந்தின் ஒரு பங்கு தங்கக்கூடும். கறிக்கோழிக்கு மருந்து கொடுத்தால், விற்பதற்கு முன் சில நாள் நிறுத்தி வைத்து உடம்பு சுத்தமானதும் அனுப்பலாம். முட்டைக்கோழிக்கு அந்த இடைவெளியே கிடையாது. அது நாள்தோறும் விற்பனைக்கு ஒன்று போட்டுக்கொண்டே இருக்கிறது.

சட்டம் இதை அறியாமல் இல்லை. மருந்து நிறுவனம் தனியாக நாள் கணக்குக் குறிப்பிடாத மருந்துகளுக்கு, கடைசி வேளை மருந்து கொடுத்த பிறகு முட்டைக்கும் பாலுக்கும் 7 நாளாவது இடைவெளி வேண்டும் என்று 2012-இல் நம் நாட்டு மருந்து விதிகளில் சேர்த்தார்கள். நல்ல விதி. ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 10,000 கோழி உள்ள பண்ணையில் நூற்றுக்குத் தொண்ணூறு முட்டை வீதம் நாளைக்கு 9,000. ஏழு நாளைக்கு 63,000 முட்டை. தீவனக் கடன் தலைக்கு மேல் நிற்கும்போது, 63,000 முட்டையைக் குழி வெட்டிப் புதைக்க எந்த மனுஷனுக்கு மனசு வரும்? நான் பண்ணையாளரைக் குற்றம் சொல்லவில்லை. அவர் அந்த நிலைக்கு வந்து நிற்காமல் இருக்க என்ன வழி என்பதுதான் என் கேள்வி. நோய் வந்த பிறகு யோசித்தால் வழி இல்லை. நோய் வராத வயிற்றை முதல் நாளிலிருந்தே கட்டி எழுப்பினால் வழி இருக்கிறது.

ஆன்டிபயாட்டிக் தீவனத்துக்குள் நுழைந்த கதையையும் சொல்லியாக வேண்டும். அதில் நம் சென்னைக்கும் ஒரு தொடர்பு உண்டு. பீமவரத்தில் பிறந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் படித்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். அமெரிக்காவில் லெடர்லே ஆய்வுக்கூடத்தின் ஆராய்ச்சித் தலைவராக அவர் இருந்தபோதுதான், பெஞ்சமின் டக்கர் என்ற தாவரவியலாளர் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து ஆரியோமைசினைக் கண்டெடுத்தார். டெட்ராசைக்ளின் குடும்பத்தின் மூத்த பிள்ளை அது. எத்தனையோ உயிரைக் காத்த மருந்து. 1948 ஆகஸ்டில் சுப்பாராவ் காலமானார். அந்த ஆண்டு முடிவதற்குள் அதே ஆய்வுக்கூடத்தில் தாமஸ் ஜூக்ஸ் என்பவர், மருந்து எடுத்த பிறகு மிஞ்சிய சக்கையைக் கோழிக்குஞ்சுகளுக்குத் தீவனத்தில் கலந்து கொடுத்துப் பார்த்தார். அவர் தேடியது ஒரு வைட்டமினை. ஆனால் குஞ்சுகள் எதிர்பார்த்ததற்கு மேல் எடை போட்டன. சக்கையில் ஒட்டியிருந்த கொஞ்சம் ஆன்டிபயாட்டிக்தான் அதற்குக் காரணம் என்று பிறகு தெரிந்தது. நோயாளிக்கு என்று பிறந்த மருந்து அன்றைக்கே தீவனச் சாமான் ஆகிவிட்டது. உலகம் முழுவதும் டன் கணக்கில் கோழிக்கும் பன்றிக்கும் போயிற்று.

சின்ன அளவில், நாள்தோறும், விட்டுவிடாமல் கொடுப்பதுதான் இதில் கேடு. நுண்ணுயிர்களைக் கொல்லப் போதாத அளவு, ஆனால் பழக்கப்படுத்தப் போதுமான அளவு. தாக்குப்பிடித்தவை பெருகுகின்றன. தாக்குப்பிடிக்கும் வித்தையைப் பக்கத்தில் உள்ள நுண்ணுயிருக்கும் கைமாற்றிவிடுகின்றன. கோழி எச்சம் வயலுக்கு உரமாகப் போகிறது. மழையில் கரைந்து ஏரிக்குப் போகிறது. எச்சம் அள்ளுகிறவரின் கையோடு வீட்டுக்கும் போகிறது.

2010-இல் உலகமே திரும்பிப் பார்த்த ஒரு ஆய்வுக் கட்டுரை வந்தது. கடைசிக் கட்ட ஆன்டிபயாட்டிக்கையும் முறியடிக்கிற என்டிஎம்-1 என்ற மரபணு பரவியிருப்பதைச் சொன்ன கட்டுரை. அதன் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. சென்னை நோயாளிகளிடம் எடுத்த மாதிரிகளும் அதில் இருந்தன. அடுத்த இரண்டு ஆண்டில், 2012-இல், நாட்டின் மருத்துவச் சங்கங்கள் கூடி இதற்கு ஒரு வழித்திட்டம் வகுத்தன. அதற்குச் சென்னைப் பிரகடனம் என்றே பெயர். என்டிஎம்-1 உள்ள கிருமி தாக்கினால் டாக்டர்கள் கையில் மிஞ்சிய மருந்துகளில் ஒன்று கோலிஸ்டின். சிறுநீரகத்துக்கு ஆகாது என்று அலமாரியில் ஒதுக்கி வைத்திருந்த பழைய மருந்து. வேறு வழியில்லாமல் மறுபடியும் எடுத்தார்கள். அதே கோலிஸ்டினைத்தான் நாம் இந்தப் பக்கம் கோழிக்கு வளர்ச்சி ஊக்கியாகக் கலந்துகொண்டிருந்தோம். 2015 கடைசியில் சீன ஆய்வாளர்கள், கோலிஸ்டினை எதிர்க்கும் மரபணு ஒன்று பன்றிகளிடமிருந்து தாவிப் பரவுவதைக் கண்டு சொன்னார்கள். 2019 ஜூலையில் இந்திய அரசு உணவுக்காக வளர்க்கும் எல்லா உயிர்களுக்கும் கோலிஸ்டினைத் தடை செய்தது. என் தொழில் வாழ்க்கையில் நான் மனமார வரவேற்ற அரசாணைகளில் அது ஒன்று. ஸ்டான்லி ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு நம் ஊரிலிருந்து ஆம்புலன்ஸ் போகிறது. அங்கே படுத்திருக்கும் பிள்ளைக்கு வேலை செய்ய வேண்டிய மருந்தைக் கோழிக்குக் கரைத்து ஊற்றுவது என்ன நியாயம்?

சரி, மாற்று என்ன? கொல்லையில் கோழி வளர்க்கும் தாய்மார்கள் இதற்குப் பதிலை நாள்தோறும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அடைக்கோழி குஞ்சு பொரித்து இறக்கியதும் என்ன செய்கிறது? குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு குப்பைமேட்டுக்குப் போகிறது. காலால் கிளறுகிறது. ‘கொக் கொக்’ என்று கூப்பிட்டுக் காட்டுகிறது. குஞ்சு ஓடி வந்து கொத்துகிறது. புழுவும் தானியமும் மட்டுமா அது கொத்துகிறது? தாயின் எச்சம் பட்ட மண்ணையும் சேர்த்துத்தான். நமக்கு அருவருப்பாக இருக்கலாம். அந்தக் குஞ்சுக்கு அதுதான் சீம்பால். தாயின் குடலில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் நல்ல நுண்ணுயிர்கள் அந்த ஒரு கொத்தில் குஞ்சின் வயிற்றில் குடியேறிவிடுகின்றன. இடம் பிடித்தவை பிறகு வருகிற கெட்ட கிருமிக்கு இடம் விடுவதில்லை.

ஹேச்சரியில் பிறக்கும் குஞ்சுக்குத் தாய் இல்லை. இன்குபேட்டரில் 21 நாள், பிறகு தட்டு, தடுப்பூசி, அட்டைப்பெட்டி, லாரி. முட்டை ஓட்டைக் கிருமிநாசினிப் புகையில் சுத்தம் செய்திருக்கிறார்கள். குஞ்சின் குடல் ஆளில்லாத வீடு மாதிரி. யார் முதலில் நுழைகிறார்களோ அவர்களுக்குச் சொந்தம். நம் ஷெட்டில் முதலில் நுழைவது பெரும்பாலும் ஈகோலி, சால்மோனெல்லா போன்ற கெட்ட கிருமிகள்.

இதைப் பின்லாந்தில் எஸ்கோ நூர்மி என்ற ஆய்வாளர் தெளிவாகக் கண்டார். 1971-இல் அந்த நாட்டுக் கோழிப் பண்ணைகளில் சால்மோனெல்லா பெரிதாகப் பரவியது. வளர்ந்த கோழியை அவ்வளவு எளிதில் தாக்காத கிருமி குஞ்சை மட்டும் ஏன் சட்டென்று பிடிக்கிறது என்று அவர் யோசித்தார். ஆரோக்கியமான வளர்ந்த கோழியின் குடலில் உள்ளதை எடுத்து ஒரு நாள் குஞ்சுக்குக் கொடுத்தார். குஞ்சுகள் சால்மோனெல்லாவைத் தாக்குப்பிடித்தன. 1973-இல் ரன்டலா என்பவரோடு சேர்ந்து அதை வெளியிட்டார். கோழி உலகில் புரோபயாட்டிக் என்று இன்று நாம் பேசுவதற்கு அது ஒரு பெரிய அடித்தளம். 2019-இல் செக் நாட்டு ஆய்வாளர்கள் குஞ்சுகளை ஒரே ஒரு நாள் வளர்ந்த கோழியோடு விட்டுப் பார்த்தார்கள். அந்த ஒரு நாளே குடலின் குடியிருப்பை மாற்றப் போதுமானதாக இருந்தது. நம் அடைக்கோழிக்கு இது யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெரியும்.

ஆகவே புரோபயாட்டிக் என்பதைப் புது மருந்து என்று நினைக்காதீர்கள். தாய் கிளறிக் கொடுத்திருக்க வேண்டியதை நாம் பாக்கெட்டில் வாங்கிக் கொடுக்கிறோம், அவ்வளவுதான். மோரில் இருக்கும் லாக்டோபேசில்லஸ் வகை, வித்து கட்டிக்கொண்டு உறங்கும் பேசில்லஸ் வகை, ஈஸ்ட் வகை என்று இவற்றில் பல உண்டு. ப்ரீபயாட்டிக் என்பது அந்த நல்ல குடியிருப்புக்குப் போடும் சோறு. கோழியால் செரிக்க முடியாத, ஆனால் நல்ல நுண்ணுயிர்களால் செரிக்க முடிகிற மாவு, நார் வகைகள். பெயர் கேட்டால் புதிதாகத் தெரியும். சாமான் பழையது. இனுலின் என்ற ப்ரீபயாட்டிக் சிக்கரிக் கிழங்கில் எக்கச்சக்கமாக இருக்கிறது. நம் வீட்டு ஃபில்டர் காபித்தூளில் கலக்கிற அதே சிக்கரிதான். வறுக்காத கிழங்கிலிருந்து பிரித்து எடுக்கிறார்கள். சின்ன வெங்காயத்திலும் பூண்டிலும் அந்தக் குடும்பத்துச் சத்து உண்டு. சொட்டு நீலம் போட்டாற்போல் உடனே பளிச்சென்று தெரிகிற வேலை அல்ல இது. மெதுவாக நடக்கும்.

கோழிக்குச் சிறுகுடல் முடிகிற இடத்தில் குருட்டுக்குடல் இரண்டு உண்டு, ஜோடியாக. அங்கேதான் இந்தப் புளிப்பு வேலை நடக்கிறது. நல்ல நுண்ணுயிர்கள் நாரைப் புளிக்க வைத்துச் சில அமிலங்களை உண்டாக்குகின்றன. அதில் பியூட்ரிக் அமிலம் குடலின் உள்வரிக்கு நேரடி உணவு. குடல் புளிப்பாக இருந்தால் பல கெட்ட கிருமிக்கு ஆகாது. சுண்ணாம்புச்சத்தும் நன்றாகக் கரைந்து உடம்பில் சேரும். வயதான பேட்சில் ஓடு மெலிந்து முட்டை உடைகிற தொல்லைக்குப் பலர் இதைக் கொடுத்துப் பார்க்கிறார்கள். பல ஆய்வுகளில் ஓடு கெட்டிப்பட்டிருக்கிறது. சிலவற்றில் வித்தியாசம் தெரியவில்லை. இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

ஈஸ்ட் செல்லின் மேலுறையிலிருந்து எடுக்கிற மன்னான் என்ற பொருள் செய்கிற வேலை வேறு மாதிரி. ஈகோலிக்கும் சால்மோனெல்லாவுக்கும் உடம்பெல்லாம் மெல்லிய முடி போன்ற பிடிப்பான்கள் உண்டு. குடல் சுவரில் உள்ள ஒரு சர்க்கரையை அந்தப் பிடிப்பானால் கவ்விக்கொண்டுதான் அவை தங்கும். தீவனத்தில் அதே சர்க்கரை ஈஸ்ட் உறையில் மிதந்து வந்தால், கிருமி அதைக் கவ்விக்கொண்டு எச்சத்தோடு வெளியே போய்விடும். கொல்லவில்லை, வழியனுப்பிவைக்கிறோம். கொல்லாததால் தாக்குப்பிடித்துப் பெருகும் கிருமி என்ற பேச்சும் குறைகிறது.

இப்போது பொன்னேரிப் பக்கம் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நான் அப்போது பணியில் இருந்தேன். நடுத்தரப் பண்ணை. முட்டைக்கோழிகளுக்கு எச்சம் தண்ணீராகப் போகிறது, கூண்டுக்கடியில் சேறு, ஈ மொய்க்கிறது, ஓடு மெலிசு. ஐந்து நாள் ஆன்டிபயாட்டிக் எழுதிக் கொடுத்தேன். கொஞ்சம் கட்டியது மாதிரி இருந்தது. மறுவாரமே பழையபடி. மருந்தை மாற்றி எழுதினேன். அதுவும் அப்படியே. மூன்றாம் முறை போனபோது பண்ணையாளரின் மனைவி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, “சார், இந்த போர் தண்ணியில எங்க வீட்டுல பருப்பே வேகாது. குடிக்கிறதுக்கு நாங்க கேன் தண்ணி வாங்குறோம். கோழி மட்டும் இதையே குடிக்குது” என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. மீஞ்சூர், பொன்னேரிப் பகுதியில் கடல்நீர் நிலத்தடியில் உள்ளே ஏறிவந்திருப்பது ஊரறிந்த விஷயம். பல பத்தாண்டுகளாக ஆய்வுகள் அதைச் சொல்கின்றன. உப்புத் தண்ணீர் குடித்த கோழிக்கு எச்சம் இளகும், ஓடு கெடும். இது கிருமி நோயே அல்ல. நான் இரண்டு சுற்று ஆன்டிபயாட்டிக் கொடுத்து, அந்தக் கோழிகளின் குடலில் இருந்த நல்லதையும் சேர்த்துத் துடைத்திருக்கிறேன். அந்த முட்டைகளும் எங்கோ யாருடைய தட்டிலோ விழுந்திருக்கும். தண்ணீரை மாற்றினோம். பிறகு ஒரு மாதம் தீவனத்தில் பேசில்லஸ் வகைப் புரோபயாட்டிக்கும் ஈஸ்ட் உறையும் கலந்தோம். எச்சம் கட்டியது, ஈ குறைந்தது. இதில் எத்தனை பங்கு தண்ணீரால், எத்தனை பங்கு புரோபயாட்டிக்கால் என்று கேட்டால், பெரும் பங்கு தண்ணீரால்தான் என்பேன்.

அதனால்தான், புரோபயாட்டிக் பாக்கெட் விற்க வருகிறவர் சொல்வதை அப்படியே நம்பாதீர்கள் என்று இதே மேடையில் சொல்கிறேன். தண்ணீர் கெட்டிருந்தால், மக்காச்சோளத்தில் பூஞ்சை பிடித்திருந்தால், தவிடு காறிப்போயிருந்தால் எந்தப் பாக்கெட்டும் உதவாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மூட்டைக்குள் ஈரம் ஏறிய சோளத்தில் அஃப்ளாடாக்சின் என்ற நச்சு உண்டாகும். அது கல்லீரலைக் கெடுத்து நோய் எதிர்ப்பையே முறித்துவிடும். செங்குன்றத்து அரிசி ஆலைகளிலிருந்து நமக்குத் தவிடும் குருணையும் மலிவாகக் கிடைக்கின்றன. நல்ல வரம். ஆனால் பச்சைத் தவிடு சீக்கிரம் காறும். ஆலையிலிருந்து வந்த தவிட்டை ஒரு கைப்பிடி எடுத்து முகர்ந்து பாருங்கள். எண்ணெய்ச் சிக்கு வாடை அடித்தால் கோழிக்கு வேண்டாம். உலர் மீனைத் தீவனத்தில் சேர்க்கிறவர்களும் கவனிக்க வேண்டும். சுத்தமாகக் காயாத மீன்தூள் சால்மோனெல்லாவுக்குத் தேர் கட்டி ஊர்வலம் விடுகிற மாதிரி.

வெயிலையும் மறக்கக் கூடாது. கத்திரி வெயில் காலத்தில் தமிழ்நாட்டின் வெப்பப் பட்டியலில் நம் திருத்தணி முன்வரிசையில் நிற்கும். அந்தச் சூட்டில் கோழி வாயைப் பிளந்து இரைக்கும். ரத்தம் தோல் பக்கம் ஓடிக் குடலுக்குக் குறையும். குடல் உள்வரி இளகிக் கிருமிக்குக் கதவு திறக்கும். கோடை தொடங்குவதற்கு முன்பே புரோபயாட்டிக்கை ஆரம்பிக்கச் சொல்வது இதனால்தான். சூட்டில் கோழி சுருண்ட பிறகு ஓடிவந்து கேட்பதில் பயன் குறைவு.

வாங்கும்போது பாக்கெட்டில் என்ன பார்க்க வேண்டும் என்று ஒரு தம்பி வரும்போதே கேட்டார். எந்த நுண்ணுயிர் என்று முழுப் பெயர் போட்டிருக்க வேண்டும். ஒரு கிராமில் உயிரோடு எத்தனை கோடி என்று எண்ணிக்கை இருக்க வேண்டும். அதுவும் தயாரித்த அன்றைய எண்ணிக்கை அல்ல, காலாவதி நாள் வரை நிற்கும் எண்ணிக்கை. தகரக் கூரைக்கடியில் சித்திரை மாதம் முழுக்கக் கிடந்த லாக்டோபேசில்லஸ் பாக்கெட்டில் உயிர் இருக்காது. வெறும் மாவுக்குத்தான் காசு கொடுக்கிறீர்கள். வித்து கட்டும் பேசில்லஸ் வகை சூட்டைத் தாங்கும். நம் ஊருக்கு அதுதான் தோது. அந்த நுண்ணுயிரே ஆன்டிபயாட்டிக்கை எதிர்க்கும் மரபணுவைச் சுமக்கவில்லை என்று சோதித்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. இன்னொன்று, நான் பண்ணை பண்ணையாகப் பார்த்த தவறு: காலையில் தண்ணீர்த் தொட்டியில் குளோரின் போட்டுவிட்டு அதிலேயே புரோபயாட்டிக்கையும் கரைப்பார்கள். கிருமியைக் கொல்லப் போட்ட குளோரின் இதையும் கொன்றுவிடும். தண்ணீரில் கொடுக்கிற நாளில் குளோரின் வேண்டாம். அல்லது தீவனத்தில் கொடுங்கள். ஆன்டிபயாட்டிக் ஓடும் நாட்களிலும் இதைக் கொடுப்பது வீண். மருந்து முடிந்த மறுநாளிலிருந்து கொடுத்தால், வெறிச்சோடிய குடலில் நல்லது முதலில் குடியேறும்.

நோயுற்ற கோழிக்கு மருந்தே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கிருமி நோய் என்று உறுதியானால், மாதவரத்துக்கு மாதிரி அனுப்புங்கள். 2018 வரை மாதவரம் நம் மாவட்டத்தில்தான் இருந்தது, இன்றும் பக்கம்தான். கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்து ஆய்வகத்தில் எந்த மருந்துக்கு அந்தக் கிருமி பணிகிறது என்று பார்த்துச் சொல்வார்கள். அதைக் கொடுத்து, முட்டையை ஒதுக்கி, கோழியைக் காப்பாற்றலாம். ஆனால் வெள்ளைக்கழிச்சலுக்கு ஆன்டிபயாட்டிக் கொடுக்காதீர்கள். அது வைரஸ். பறவைக் காய்ச்சலும் வைரஸ். கழுத்து திருகிப் பச்சையாகக் கழிகிற கோழிக்கு மெடிக்கல் கடையில் மனிதர் சாப்பிடும் மாத்திரையை வாங்கி உடைத்துப் போடுகிற பழக்கம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசி ஒன்றுதான் வழி. கால்நடை மருந்தகத்தில் போடுகிறார்கள்.

இதெல்லாம் நடக்கிற காரியமா, மருந்தில்லாமல் தொழில் தாங்குமா என்று சிலர் முகத்தில் கேள்வி தெரிகிறது. சுவீடன் 1986-லேயே தீவன ஆன்டிபயாட்டிக்கை நிறுத்தியது. டென்மார்க்கின் கறிக்கோழிப் பண்ணையாளர்கள் 1998-இல் தாங்களாகவே நிறுத்தினார்கள். கோழி உற்பத்தி சரியவில்லை. பன்றிக்குட்டிகளுக்குத்தான் பால் மறக்கும் பருவத்தில் கொஞ்சம் கழிச்சல் கூடியது. 2006 ஜனவரி 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் வளர்ச்சி ஊக்கியாக ஆன்டிபயாட்டிக் கிடையாது. அவர்கள் ஊர்க் குளிர், அவர்கள் ஷெட்டு வேறு என்பது உண்மை. நம் வெயிலுக்கும் நம் தண்ணீருக்கும் ஏற்றபடி நாம்தான் பார்த்துப் பழக வேண்டும். ஒரே நாளில் எல்லாக் கூண்டிலும் மாற்ற வேண்டாம். இரண்டு வரிசையில் மட்டும் ஆரம்பியுங்கள். பக்கத்து வரிசையோடு ஒப்பிட்டு முட்டை எண்ணிக்கை, உடைந்த முட்டை, தின்ற தீவனம், செத்த கோழி, நான்கையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். எழுதாமல் சொல்கிற அனுபவத்தை என் மேல் சத்தியமாக நான் நம்ப மாட்டேன்.

புது பேட்ச் எடுக்கப் போகிறவர்கள் இருந்தால், அவர்களுக்கு ஒரு வேலை சொல்லிவிட்டு இறங்குகிறேன். குஞ்சுப் பெட்டி வந்து இறங்குவதற்கு முதல் நாள் இரவே, குளோரின் போடாத நல்ல தண்ணீரைப் பிடித்து வையுங்கள். பெட்டியைத் திறந்ததும், தீவனத்துக்கு முன்பாக, ஒவ்வொரு குஞ்சையும் கையில் எடுத்து அதன் அலகைப் புரோபயாட்டிக் கரைத்த அந்தத் தண்ணீரில் ஒரு முறை தோய்த்து விடுங்கள். ஆயிரம் குஞ்சு என்றால் நான்கு பேர் சேர்ந்தால் ஒரு மணி நேர வேலை. பத்தாம் நாள் விடியற்காலையில் விளக்கு போடும் முன்பே ஷெட்டுக்குள் போய்த் தரையைப் பாருங்கள். வெள்ளைத் தொப்பி வைத்த கெட்டியான எச்சங்களுக்கு நடுவே, அங்கங்கே கரும்பழுப்பில் பசை போல் ஒன்று கிடக்கும். அதைக் கழிச்சல் என்று பயந்து மருந்துக் கடைக்கு ஓடாதீர்கள். அது குருட்டுக்குடலிலிருந்து வருவது. அது நுரைக்காமல், வெளுக்காமல், பசையாக இருந்தால் உள்ளே வேலை ஒழுங்காக நடக்கிறது என்று அர்த்தம். அந்தப் பசையை நானே குனிந்து பார்க்க வருகிறேன், எந்தப் பண்ணைக்கு வேண்டுமானாலும் கூப்பிடுங்கள்.